விளக்கும் கணக்கும்

ஆஸ்பத்திரிக்கு நடந்து போனவன் நாலு பேர் தோளில்தான் திரும்புவான் என்று மக்கள் நடுங்கிய காலம் ஒன்று இருந்தது, தோழர்களே! அந்த நடுக்கம் நம் நாட்டு ஏழைக்கு மட்டும் உரியதல்ல. எங்கள் ஆட்சியிலே சூரியன் மறைவதில்லை என்று மார்தட்டிய இங்கிலாந்திலே, அதன் தலைநகராம் லண்டனிலே, நூற்றெழுபது ஆண்டுகளுக்கு முன்னர் ஏழையின் நெஞ்சிலே குடியிருந்த நடுக்கம் அது. சீமானுக்கு நோய் என்றால் டாக்டர் வண்டியேறி வருவார். பஞ்சணையிலே படுத்தபடி மருந்து சாப்பிடலாம். பாட்டாளிக்கு நோய் என்றால் ஆஸ்பத்திரி! நெருக்கியடித்துப் போட்ட கட்டில்கள், மாற்றாத விரிப்பு, திறக்காத சன்னல், கழுவாத கை. கால் முறிந்து போனவன் காய்ச்சலிலே செத்தான். பிள்ளை பெறப் போனவள், பிள்ளையை வீட்டுக்கு அனுப்பிவிட்டுத் தான் மண்ணுக்குப் போனாள். கொண்டுபோன நோய் ஒன்று. கொன்ற நோய் வேறொன்று!

ஏன் இப்படி என்று கேட்டவர் சிலரே. ஆண்டவன் அழைத்துக்கொண்டான் என்றனர் பக்தர்கள். விதி முடிந்தது என்றனர் பெரியவர்கள். போரென்றால் சாவுதான், ஆஸ்பத்திரியென்றால் காய்ச்சல்தான் என்றனர் அதிகாரிகள். பழியைச் சுமக்க விதி இருக்கும்போது சாக்கடையை யார் பார்ப்பார்கள்?

பார்த்தார் ஒரு பெண்மணி. பார்த்ததோடு நில்லாமல் எண்ணினார். எண்ணியதோடு நில்லாமல், அந்தக் கணக்கிலிருந்து ஒரு பாடம் எடுத்தார். பாடம் எடுத்ததோடு நில்லாமல், அதைக் கற்றுக்கொடுக்க ஒரு பள்ளிக்கூடம் கண்டார். அவர்தான் பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார்.

அவரை நமக்குத் தெரியும். பள்ளிப் புத்தகத்திலே படம் பார்த்திருக்கிறோம். கையிலே விளக்கு, கண்ணிலே கருணை, கட்டிலுக்குக் கட்டில் நடந்து போகும் காரிகை. பொய்யல்ல அந்தப் படம். ஆனால் பாதிதான் மெய். விளக்கைப் பற்றிப் பேசிப் பேசி, விளக்கை வைத்துவிட்டு அவர் எடுத்த பேனாவை மறந்துவிட்டோம். கருணையைப் போற்றிப் போற்றி, அவர் போட்ட கணக்கை மறந்துவிட்டோம். இன்றைக்கு வெள்ளுடை உடுத்தி வார்டிலே நிற்கும் ஒவ்வொரு நர்சு மாணவிக்கும், அந்த மாணவியின் கையை நம்பிப் படுத்திருக்கும் ஒவ்வொரு தொழிலாளிக்கும் தெரிய வேண்டிய கதை, மறந்துபோன அந்தப் பாதிதான்.

1820-ஆம் ஆண்டு மே 12-ஆம் நாள், இத்தாலியிலே பிளாரன்ஸ் நகரிலே பிறந்தார். ஊரின் பெயரையே பெண்ணுக்குச் சூட்டினர் பெற்றோர். செல்வக் குடும்பம், ஒன்றுக்கு இரண்டாக மாளிகைகள், ஏவல் செய்ய ஆட்கள். தந்தை நல்ல படிப்பாளி. பெண்ணுக்கு எதற்குப் படிப்பு என்று உலகம் கேட்டுக்கொண்டிருந்த நாளிலே, மகளைப் பக்கத்திலே உட்காரவைத்துக் கிரேக்கமும் லத்தீனும் வரலாறும் தாமே கற்றுக்கொடுத்தார். மகளுக்கோ கணக்கின்மீது காதல். மற்ற மங்கையர் நடனத்துக்கு உடை தேடிய வயதிலே, இவர் எண்களைத் தேடினார்.

இருபத்தைந்தாம் வயதிலே, 1845-இல், ஓர் ஆசையை வெளியிட்டார். ஆஸ்பத்திரியிலே சில மாதம் தங்கி, நோயாளியைப் பேணும் தொழிலைக் கற்கவேண்டும் என்றார். வீடு அதிர்ந்தது! குடும்ப மானம் என்னாவது, சீமான் மகள் சீழ் துடைப்பதா என்று கொதித்தனர் தாயும் தமக்கையும். அந்நாளில் நர்சு என்றால் நாலு பேர் மதிக்கும் தொழிலல்ல. எழுத்தறியாதவள், குடிப்பவள், நோயாளியின் காசைத் திருடுபவள் என்று நாடெங்கும் கெட்ட பெயர்.

இங்கே ஒரு நிமிடம் நிற்கவேண்டும், தோழர்களே! அந்தக் கெட்ட பெயரைச் சுமந்தவர்கள் யார்? வேறு வேலை கிடைக்காத ஏழைப் பெண்கள். அரைக்கூலிக்குத் தரை தேய்த்து, பாத்திரம் கழுவி, அந்தக் கையோடு புண்ணுக்கும் கட்டுப் போட்டவர்கள். கை கழுவு என்று அவர்களிடம் யாராவது சொன்னார்களா? காய்ச்சலின் குறி இது, மூச்சுத் திணறலின் குறி இது என்று யாராவது காட்டினார்களா? கற்றுக்கொடுக்காமலே வேலை வாங்கிவிட்டு, கெட்டுப்போனபோது கையைக் காட்டிக் குற்றம் சாட்டுவது முதலாளிகளின் பழைய பழக்கம். அந்தப் பழக்கத்தின் அடிமடியிலேயே கைவைத்தார் நைட்டிங்கேல். நோயாளியைக் காப்பது பெண்ணின் பிறவிக் குணமும் அல்ல, ஏழையின் தலையெழுத்தும் அல்ல. அது ஒரு தொழில். தொழில் என்றால் கற்றாகவேண்டும் என்று கருதினார்.

வீடு விடவில்லை. அவரும் விடவில்லை. பொழுது புலருமுன் எழுந்து, விளக்கொளியிலே பல நாட்டு ஆஸ்பத்திரி அறிக்கைகளைப் படித்துக் குறிப்பெடுத்தார். விடிந்தபின் நல்ல பெண்ணாகக் கீழே இறங்கிவந்து விருந்தினரோடு சிரித்தார். ஆறாண்டுப் போராட்டத்துக்குப் பிறகு, 1851-இல், ஜெர்மனி நாட்டிலே கெய்சர்ஸ்வெர்த் என்னும் ஊரிலே மூன்று மாதம் பயிற்சி பெற முடிந்தது. 1853-இல் லண்டன் ஹார்லி தெருவிலே, பெண் நோயாளிகளுக்கான சிறிய மருத்துவ விடுதியின் தலைவியானார்.

பதவிக்கு வந்ததும் அவர் கேட்டவை எவை தெரியுமா? மாடிதோறும் குழாயிலே வெந்நீர். சாப்பாட்டை மேலே தூக்கிச் செல்ல ஒரு லிப்டு. எந்த நோயாளி அழைக்கிறாள் என்று காட்டும் அழைப்பு மணி. சாதாரணமான பொருள்களாகத் தோன்றும். ஆனால் எண்ணிப் பாருங்கள்: வெந்நீருக்கும் சோற்றுக்கும் நாள் முழுதும் மாடிப்படி ஏறி இறங்கும் நர்சு, நோயாளியின் பக்கத்திலே நிற்பது எப்போது? மணி எங்கே அடித்தது என்று தெரியாமல் ஓடும்போது நோயாளி விழுந்துவிட்டால் குற்றம் யாருடையது? நல்ல மனம் மட்டும் போதாது, நல்ல ஏற்பாடும் வேண்டும். இது அவர் கண்ட முதல் பாடம்.

அடுத்த ஆண்டே வந்தது போர். ரஷ்யாவை எதிர்த்து இங்கிலாந்தும் பிரான்சும் துருக்கியோடு சேர்ந்து கிரிமியாவிலே பொருதின. காயம்பட்ட வீரர்கள் கருங்கடல் தாண்டி, ஸ்கூட்டாரியிலே இருந்த படைவீட்டு ஆஸ்பத்திரிக்குக் கப்பலேற்றப்பட்டனர். கட்ட துணியில்லை, கவனிக்க ஆளில்லை என்று பத்திரிகை நிருபர் எழுதினார், நாடு கொதித்தது. போர்த்துறை அமைச்சர் சிட்னி ஹெர்பர்ட் நைட்டிங்கேலை அழைத்தார். 38 பெண்களோடு புறப்பட்டு, 1854 நவம்பர் 4-ஆம் நாள் ஸ்கூட்டாரியிலே கால் வைத்தார்.

கண்டது ஆஸ்பத்திரியல்ல, நரகம். தாழ்வாரம் தாழ்வாரமாக, மைல் கணக்கிலே கிடந்தனர் வீரர்கள். இரத்தம் காய்ந்த சட்டையோடு, பேன் ஊரும் போர்வையோடு, பேதியிலே துவண்டபடி கிடந்தனர். அவர்களில் பெரும்பாலோர் யார்? ஏழையின் பிள்ளைகள். கூலி கிடைக்காததால் கூட்டுப்படையிலே சேர்ந்தவர்கள். துப்பாக்கி தூக்கும்வரை அவர்கள் வீரர்கள். தூக்க முடியாமல் விழுந்தபின் வெறும் சுமை!

தேய்க்கத் தூரிகை வாங்கினார் அம்மையார். துணி வெளுக்கக் கொதிகலன் வைத்தார். கஞ்சி காய்ச்ச அடுப்பு மூட்டினார். இரவிலே விளக்கேந்தி நடந்தார். படம் பிறந்தது அங்கேதான். பாட்டுப் பிறந்ததும் அங்கேதான். ஆனால் தோழர்களே, கதையின் முள் அங்கேதான் இருக்கிறது. இத்தனை செய்தும் சாவு குறையவில்லை, கூடியது! 1855 பிப்ரவரியிலே, அந்த ஆஸ்பத்திரியிலே சிகிச்சைக்குப் படுத்தவர்களில் நூற்றுக்கு 42 பேர் மாண்டனர்.

மார்ச் மாதம் லண்டனிலிருந்து சுகாதாரக் குழு ஒன்று வந்தது. டாக்டர் சதர்லண்டும், ராலின்சன் என்னும் பொறியாளரும் அதிலே இருந்தனர். அவர்கள் நோயாளியைப் பார்க்குமுன் கட்டடத்தைப் பார்த்தனர். அடியிலே அடைபட்டுக் கிடந்தன சாக்கடைகள். அந்த நாற்றத்தின் மேலேதான் ஆஸ்பத்திரி நின்றது. குடிதண்ணீர் வரும் கால்வாயிலே குதிரையின் பிணம் கிடந்தது! சாக்கடையைக் கழுவிவிட்டனர். பிணத்தை அகற்றினர். குப்பையை வண்டி வண்டியாக வாரினர். சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தனர். காற்று வர வழி செய்தனர். கோடை வந்தபோது, நூற்றுக்கு 42 என்றிருந்த சாவு நூற்றுக்கு 2 என்று இறங்கிவிட்டது.

1856 ஆகஸ்டிலே நாடு திரும்பினார். நாடே வரவேற்கக் காத்திருந்தது. அவரோ ஊர்வலத்தை விரும்பாமல், யாருக்கும் சொல்லாமல் வீடு வந்து சேர்ந்தார். வில்லியம் பார் என்னும் புள்ளிவிவர அறிஞரைத் துணையாகக் கொண்டு, கணக்குப் புத்தகங்களைத் திறந்தார். மாதவாரியாக, நோய்வாரியாக, இடவாரியாக மாண்டவர்களை எண்ணினார்.

எண்கள் பேசின. பட்டினியாலும் குளிராலும் களைத்து வந்ததால்தான் வீரர்கள் செத்தார்கள் என்று அதுவரை அவரே நம்பியிருந்தார். கணக்கு வேறு கதை சொல்லிற்று. பிரிட்டிஷ் படையிலே மாண்டவர் சுமார் 21,000 பேர். அவர்களில் 16,000 பேருக்கு மேல் நோயால் மாண்டவர்கள். எதிரியின் குண்டைவிடப் பலமடங்கு கொன்றது நோய். அந்த நோயை ஊட்டி வளர்த்த இடங்களிலே அவர் பணியாற்றிய ஆஸ்பத்திரியும் ஒன்று! நாடே தெய்வம் என்று கொண்டாடும்போது, என் கூரையின் கீழேதான் அவர்கள் மாண்டார்கள் என்று அறிவது எத்தகைய இடி! வேறொருவராக இருந்தால் கணக்கை மூடி வைத்துவிட்டு, மாலையை வாங்கிக்கொண்டிருப்பார். அம்மையார் மாலையை ஒதுக்கிவிட்டுக் கணக்கைத் திறந்து காட்டினார். 1858-இலே வட்டமான ஒரு படம் வரைந்தார்: தடுத்திருக்கக்கூடிய நோயால் வந்த சாவுக்கு நீலம், காயத்தால் வந்த சாவுக்குச் சிவப்பு, மற்றவற்றுக்குக் கறுப்பு. எழுத்தைப் படிக்க நேரமில்லாத மந்திரிக்கும், நீலம் எவ்வளவு பெரிது என்பது கண்ணிலே குத்தியது. அதே ஆண்டு லண்டன் புள்ளிவிவரச் சங்கம் அவரை உறுப்பினராக்கியது. அந்தப் பெருமை பெற்ற முதல் பெண் அவரே.

அவர் கடவுள் நம்பிக்கை உடையவர். அதை நாம் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் ஆண்டவன் சித்தம் என்று சொல்லிச் சாக்கடையை மூடி வைக்கவில்லை. சாவுக்குக் காரணம் உண்டு, காரணத்தைக் கண்டால் தடுக்கலாம், கண்டும் தடுக்காவிட்டால் அது கொலை என்ற அளவுக்குச் சென்றது அவர் சிந்தனை. பகுத்தறிவு என்று நாம் பறைசாற்றுவது இதைத்தானே!

நோயாளிக்கு நன்மை செய்வது இருக்கட்டும். முதலில் தீமை செய்யாதிருக்கவேண்டும் ஆஸ்பத்திரி! 1859-இல் ஆஸ்பத்திரிகளைப் பற்றி எழுதிய ஏட்டிலே அவர் முன்வைத்த அடிப்படைக் கருத்து இது. இன்று உலகமெங்கும் நோயாளி பாதுகாப்பு என்று பேசுகிறார்களே, அதன் வேர் இங்கே இருக்கிறது.

கருத்து பிறந்துவிட்டது, அதைக் கையிலே கொண்டுவருவது யார்? அதற்குத்தான் பள்ளி. போர் நடந்தபோதே மக்கள் நிதி திரட்டினர். படைவீரர்கள் தங்கள் ஒரு நாள் சம்பளத்தைக் கொடுத்தனர். சுமார் 44,000 பவுன் சேர்ந்தது. அந்தப் பணத்தைக் கொண்டு 1860-இல், லண்டன் புனித தாமஸ் ஆஸ்பத்திரியிலே, 15 மாணவிகளோடு தொடங்கியது நைட்டிங்கேல் பயிற்சிப் பள்ளி. ஓராண்டுப் பயிற்சி. தங்க இடம், உண்ண உணவு, கைச்செலவுக்கு ஆண்டுக்கு 10 பவுன். காசு கொடுத்துத்தான் படிக்கவேண்டும் என்றில்லை. உழைக்கும் குடும்பத்துப் பெண்ணும் உள்ளே வரலாம்.

அங்கே என்ன கற்பித்தார்கள்? ஒவ்வொரு மாணவிக்கும் ஒரு தாள் உண்டு. மாதந்தோறும் தலைவி அதிலே மதிப்பிட்டு எழுதுவார். நேரம் தவறாமை, நம்பத்தகுந்த தன்மை, தூய்மை என்று ஒரு வரிசை. புண்ணுக்குக் கட்டுப் போடுதல், அசைய முடியாதவரைப் புரட்டிப் படுக்க வைத்தல், படுக்கைப் புண் வராமல் தடுத்தல், காற்றோட்டம் காத்தல், பாத்திரங்களைத் தூய்மையாக வைத்தல் என்று இன்னொரு வரிசை. எல்லாவற்றுக்கும் மேலாக, நோயாளியைக் கவனித்தல்: நாடி எப்படி, மூச்சு எப்படி, தோல் எப்படி, தூக்கம் எவ்வளவு, உண்டது எவ்வளவு, மருந்து கொடுத்தபின் என்ன மாறுதல் என்பதெல்லாம் அதிலே அடங்கும். நன்றாகத் தூங்கினீர்களா என்று கேட்டு, ஆம் என்றதும் நகர்ந்துவிடுவது கவனிப்பல்ல. எத்தனை மணி நேரம் தூங்கினார், எப்போது விழித்தார் என்று கேட்கவேண்டும், எண்ணாகச் சொல்லவேண்டும். ஸ்கூட்டாரியின் கணக்கு, மாணவியின் கைக்கு வந்த விதம் இது.

கை கழுவுதலையும் வலியுறுத்தினார். ஒரு நாளிலே பலமுறை நர்சு கை கழுவவேண்டும் என்று 1859-இன் முடிவிலே வெளிவந்த நூலிலேயே எழுதினார். கிருமியைப் பற்றிய விஞ்ஞானம் நிலைபெறாத நாள் அது. அவரும் நோய்க்குக் காரணம் கெட்ட காற்று என்றே நெடுநாள் நம்பினார். கிருமிக் கொள்கையை முதலில் ஏற்கவில்லை. காரணத்திலே பிழை இருந்தது. காட்டிய வழியிலே பிழையில்லை. விஞ்ஞானம் வளர வளர, கிருமியழிக்கும் முறைகளும் அவருடைய பள்ளிப் பாடத்திலே சேர்ந்தன.

இன்னொரு பாடம், ஆலைத் தோழர்களுக்கு உடனே விளங்கும். ஷிப்டு முடிந்து போகிறவன், இயந்திரம் சூடேறுகிறது என்று அடுத்த ஷிப்டுக்காரனிடம் சொல்லாமல் போனால் என்னாகும்? வந்தவன் தெரியாமல் தொடுவான். விரல் போகும், சில வேளை உயிரும் போகும். வார்டும் அப்படியே. நீ இருக்கும்போது நன்றாகப் பார்த்துக்கொண்டாய், சரி. நீ இல்லாதபோது அதே கவனிப்பு நடக்க என்ன ஏற்பாடு செய்தாய்? இந்தக் கேள்விக்கு விடை இல்லாதவள் எவ்வளவு அன்பானவளாக இருந்தாலும் நோயாளிக்கு ஆபத்துதான் என்று போதித்தார். தான் ஒருத்தியே எல்லாம் செய்வேன் என்பது தியாகமல்ல, ஏற்பாட்டுக் குறை என்பது அவர் தீர்ப்பு.

பள்ளியிலே பயின்றவர்கள் பல ஊர்களுக்குச் சென்றனர். 1865-இல் ஆக்னஸ் ஜோன்ஸ் என்னும் மாணவி, 12 நர்சுகளோடு லிவர்பூல் நகரத்து ஏழைகள் விடுதி ஆஸ்பத்திரிக்குச் சென்றார். ஆயிரத்துக்கு மேற்பட்ட நோயாளிகள், கதியற்றவர்கள், வேலையிழந்தவர்கள். அவர்களை அதுவரை கவனித்தவர்கள் அதே விடுதியிலே அடைபட்டிருந்த மற்ற ஏழைகள்! பணம் கொடுப்பவனுக்குப் பயிற்சி பெற்ற நர்சு, பஞ்சைக்குப் பஞ்சையே நர்சு என்ற முறையை முறிக்கச் சென்றார் அந்தப் பெண். மூன்றாண்டு உழைத்தார். 1868-இல், 35-ஆம் வயதிலே, டைபஸ் காய்ச்சல் தொற்றி மாண்டார். நோயாளியின் பாதுகாப்பும் நர்சின் பாதுகாப்பும் ஒரே கயிற்றின் இரு புரிகள் என்பதற்கு அந்தச் சாவு சாட்சி.

அடுத்து வந்தது அம்மையாரின் நேர்மைக்கே சோதனை. அவருடைய நிதியைக் கொண்டு, லண்டன் கிங்ஸ் காலேஜ் ஆஸ்பத்திரியிலே பிரசவ வார்டு ஒன்றும், அங்கே ஏழைகளுக்குப் பேறு பார்க்கும் பெண்களுக்குப் பயிற்சியும் 1860-களின் தொடக்கத்திலே ஏற்பட்டிருந்தன. நல்ல நோக்கம், நல்ல ஆசிரியைகள். ஆனால் தாய்மார்கள் மாண்டனர். பிள்ளை பெற்ற சில நாளிலே காய்ச்சல், பிறகு சாவு. கணக்குப் பார்த்தால், இங்கிலாந்து முழுதும் ஆயிரம் பிரசவத்துக்கு ஏறத்தாழ 5 தாய்மார் மாண்ட காலத்திலே, அந்த வார்டிலே ஆயிரத்துக்கு 30-க்கும் மேல்! பொதுமக்கள் நிதி, தன் பெயர், தன் திட்டம், என்ன செய்வது? மறைக்கலாம். டாக்டர்மேல் பழி போடலாம். மாணவிகளைத் திட்டலாம். அவை எதுவும் நடக்கவில்லை. 1867-இல் வார்டு மூடப்பட்டது. பயிற்சி நின்றது.

மூடியதோடு அவர் ஓயவில்லை. பல நாட்டுப் பிரசவ விடுதிகளின் சாவுக் கணக்கைத் திரட்டி, வீட்டுப் பிரசவத்தோடு ஒப்பிட்டு, 1871-இல் நூலாக வெளியிட்டார். ஏழையின் வீட்டிலே பிள்ளை பெற்றவள் பிழைக்கிறாள், பெரிய கட்டடத்திலே பெற்றவள் சாகிறாள் என்றால் தவறு தாயிடம் இல்லை, கட்டடத்தின் நடைமுறையிலே இருக்கிறது என்று காட்டினார். ஒருத்தியிடமிருந்து இன்னொருத்திக்குக் கையிலே கிருமி ஏறிப் போவதே அந்தக் காய்ச்சல் என்பது இன்று நமக்குத் தெரியும். வியன்னா நகரிலே செம்மல்வைஸ் என்னும் டாக்டர் 1847-லேயே கை கழுவச் செய்து சாவைக் குறைத்துக் காட்டியிருந்தார். மேதாவிகள் அவரைப் புறக்கணித்தனர். பிழையை ஒப்புக்கொள்ள மேதாவிக்கு மானம் தடுத்தது, நைட்டிங்கேலுக்குத் தடுக்கவில்லை. தன் பள்ளியைவிடத் தாயின் உயிர் பெரிது என்று கருதியவர் அல்லவா!

1870-களின் தொடக்கத்திலே, புனித தாமஸ் பள்ளியையே ஆராய்ந்தார். மாணவிகளை வேலைக்காரிகளாக ஓட்டுகிறார்கள். சொற்பொழிவு சரியாக நடப்பதில்லை என்று கண்டார். பள்ளியைத் திருத்தினார். புதிய டாக்டர் ஆசிரியராக வந்தார். பாடங்கள் முறையாக நடந்தன. மாணவிகள் குறிப்பேடு எழுதினர். 1872 முதல் ஏறத்தாழ ஆண்டுதோறும் மாணவிகளுக்குக் கடிதம் எழுதினார். பயிற்சி ஓராண்டோடு முடிவதில்லை, கற்பதை நிறுத்தியவள் பின்னே போகத் தொடங்கிவிட்டாள் என்பதே அவற்றின் சாரம். இத்தனையும் செய்தது எங்கிருந்து? பெரும்பாலும் படுக்கையிலிருந்து! கிரிமியாவிலே பிடித்த நோய் அவரை வாழ்நாள் முழுதும் வாட்டிற்று. நர்சுகளை ஒவ்வொருவராக அழைத்து, தேநீர் கொடுத்து, வார்டிலே நடப்பதைத் துருவித் துருவிக் கேட்டறிந்தார்.

இந்தியாவுக்கு அவர் வந்ததில்லை. ஆனால் இங்குள்ள சாவும் அவருடைய கணக்கிலே ஏறியது. இந்தியாவிலிருந்த பிரிட்டிஷ் படையிலே ஆண்டுக்கு ஆயிரத்துக்கு 69 பேர் மாண்டதை, 1863-இல் வெளிவந்த அறிக்கை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. அதன் பின்னே நின்றது அவருடைய பேனா. முதலில் வெள்ளைப் படைக்காகத் தொடங்கிய கவலைதான். ஆதிக்கம் செய்த நாட்டின் மகள்தான். ஆனால் கணக்கு அவரைக் குடிசைவரை அழைத்துவந்தது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைப் பஞ்சம் சூறையாடியபோது, நீர்ப்பாசனம் எங்கே, உழவனுக்குப் பாதுகாப்பு எங்கே என்று ஆட்சியாளரைக் கேட்டு எழுதினார். இன்று ராஜீவ் காந்தி பெயர் தாங்கிச் சென்னை சென்ட்ரலுக்கு எதிரே நிற்கும் அரசு பொது மருத்துவமனையிலே, 1871-இல் நர்சுப் பயிற்சிப் பள்ளி தொடங்கியது. லண்டனிலே மூண்ட சுடர் பதினோரே ஆண்டிலே நம் மண்ணிலும் பிடித்தது.

முதுமையிலே பார்வை போயிற்று. உலகுக்கெல்லாம் விளக்கேந்திய கண்கள் இருண்டன. 1907-இல் அரசின் உயர்ந்த விருது வந்தது. அதைப் பெற்ற முதல் பெண் அவர். 1910 ஆகஸ்ட் 13-ஆம் நாள், 90-ஆம் வயதிலே மறைந்தார். அரசர்களும் அறிஞர்களும் துயிலும் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்திலே அடக்கம் செய்ய இடம் தர முன்வந்தனர், குடும்பத்தார் மறுத்தனர். சிற்றூர்க் கல்லறையிலே, பெயரின் முதலெழுத்துகளும் ஆண்டுகளும் மட்டும் பொறித்த கல்லின் கீழே உறங்குகிறார்.

அவர் பிறந்த மே 12, உலக செவிலியர் நாள். 2019 முதல் செப்டம்பர் 17, உலக நோயாளி பாதுகாப்பு நாள். இரண்டு நாளும் ஒரே பாடத்தின் இரண்டு பக்கம். மருத்துவத்துக்கு வருவோரில் ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்கு மருத்துவத்தாலேயே ஏதோ ஒரு தீங்கு நேர்கிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதிலே பாதிக்கு மேல் தடுக்கக்கூடியது என்றும் சொல்கிறது. நைட்டிங்கேல் படத்திலே தீட்டிய நீலம் இன்னும் வெளுக்கவில்லை, தோழர்களே!

அதனால்தான் இன்றைய நர்சு மாணவிக்கு முதலாண்டிலேயே சொல்லித்தருகிறார்கள்: சரியான நோயாளியா, சரியான மருந்தா, சரியான அளவா, சரியான வழியா, சரியான நேரமா என்று ஐந்தையும் பார்த்த பிறகே மருந்து கொடு. தொடுமுன் கை கழுவு, தொட்டபின்னும் கழுவு. ஷிப்டு மாறும்போது சொல்லிவிட்டுப் போ. தவறு நடந்தால் மறைக்காமல் எழுது. ஊசி போடவந்த பெண் பெயரை மறுபடியும் கேட்டால், நேற்றே சொன்னேனே என்று எரிந்து விழாதீர்கள். அந்தக் கேள்வி உங்கள் உயிருக்குப் போடும் வேலி. கை கழுவப் போய் இரண்டு நிமிடம் தாமதித்தால் ஏசாதீர்கள். அந்த இரண்டு நிமிடத்துக்காக எத்தனையோ தாய்மார் உயிரை விலையாகக் கொடுத்திருக்கிறார்கள்.

நமக்கும் கடமை உண்டு. ஒரு நர்சின் தலையிலே ஒரு வார்டையே சுமத்திவிட்டு, தவறு நேர்ந்ததும் அவள்மேல் மட்டும் பாய்வது, கற்றுக்கொடுக்காமல் பழிசுமத்திய பழைய லண்டனின் புத்தி. எந்த ஆஸ்பத்திரியானாலும், எந்த ஆட்சியானாலும், நம் ஆட்சியே ஆனாலும், கேட்கவேண்டிய கேள்விகளைக் கேட்போம்: எத்தனை படுக்கைக்கு எத்தனை நர்சு? கை கழுவத் தண்ணீர் வருகிறதா? நேர்ந்த தவறுகளை எண்ணுகிறீர்களா? எண்ணியதைக் காட்டுகிறீர்களா?

பணக்காரன் ஆஸ்பத்திரியை மாற்றிக்கொள்வான். ஏழைக்கு மாற்ற இடமில்லை; ஆகவே இருக்கும் இடத்தை மாற்றித்தான் தீரவேண்டும். மாற்றும் வழியை அந்த மாதரசி காட்டிவிட்டுப் போயிருக்கிறார். விளக்கை வணங்கி நிற்கவேண்டாம். கணக்கைக் கேட்கக் கற்றுக்கொள்வோம்!